ஒரே ஒரு குறை

"ஒரே ஒரு குறை சொல்லுக்கா. சின்னதா இருந்தாலும் போதும்."

பரிபூரணம் அம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கு என்னலே குறைச்சல்? தங்கம்லா நீ. போயிக் குளி."

வேதசிரோமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் வரை, குழம்பில் உப்பு தூக்கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதே அக்காள் அவன் பிறந்ததிலிருந்து செய்த குற்றங்களையெல்லாம் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி அடுக்குவாள். இப்போது தேவை என்று வந்து நிற்கிறான், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. எதையும் விசாரித்து, ஒழுங்குபடுத்தி, பிரதி எடுத்து வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ராஜபாளையத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் இன்பத்தைப் பெண் பார்க்கப் போனபோது, காப்பித் தம்ளரை நீட்டிய கையோடு அவள் கேட்டாள்: "உங்க சுபாவம் எப்படி?"

அவனுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றான்.

கூடத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, விசாரிங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவன் விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் என்று அன்றே முடிவு செய்தான்.

எப்படி விசாரிப்பது என்று தவித்தவனுக்கு மதராஸ் பத்திரிகை ஒன்று வழிகாட்டியது. மனோதத்துவ டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார். தன் சுபாவத்தைத் தானே பார்க்கிறவன் தனக்குப் பிடித்ததை மட்டுமே பார்ப்பான். ஒருவனுடைய கோபம், கூச்சம், பிடிவாதம், பொறுமை இவற்றின் அளவு கூடப் பழகுகிறவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும் என்பது சீமை ஆராய்ச்சிக்காரர்களின் முடிவு. ஆகவே கல்யாணத்துக்கு முன் அவர்களிடம் போய்த் தன் குறைகளைக் கேட்க வேண்டும். கேட்டு முகம் கோணாதவனே குடும்பத்துக்கு லாயக்கானவன்.

வேதக்கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். குருவானவர் தடை கேட்டபோது, தானே கையைத் தூக்கிவிடலாமா என்றுகூட வேதசிரோமணிக்குத் தோன்றியது. சம்பந்தப்பட்ட மாப்பிள்ளையைப் பற்றி அவனுக்கே ஒன்றும் தெரியாதே!

அக்காளை விட்டுவிட்டு எதிர்த்த மளிகைக் கடைக்குப் போனான்.

"சாயபு, மறைக்காமச் சொல்லணும். நான் கோபக்காரனா?"

சாகுல் ஹமீது காதைப் பொத்திக்கொண்டார். "யாரு, நீங்களா? எறும்பு கடிச்சாக்கூட அதுகிட்ட மன்னிப்புக் கேப்பிய."

"போன வாரம் எடை குறையுதுன்னு உம்ம தராசைத் தூக்கி எறியப் போனேனே?"

"அது தராசோட குறைல்லா!" அவர் குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதிய. பொண்ணு வீட்டு ஆளு வந்து கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். கல்யாணம் பேசின மாப்பிள்ளையப் பத்தி இந்தத் தெருவுல ஒரு வாயி தப்பாப் பேசாது. எங்க ஆளுகள்லயும் அப்படித்தான்."

அப்போதுதான் விளங்கிற்று. ஊரே ஒன்றுகூடி அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. டாக்டரின் ஆராய்ச்சியில் இந்த ஊர் வழக்கத்துக்கு மருந்து சொல்லவில்லை.

சரி, சாட்சி தானாகச் சொல்லாவிட்டால் குறுக்கு விசாரணைதான். கோர்ட் வாசலில் சக குமாஸ்தா சீனிச்சாமியைப் புளியமரத்தடியில் மடக்கினான்.

"சத்தியமாச் சொல்லும். நான் பிடிவாதக்காரனா இல்லையா?"

"இல்லவேய்."

"ஆமான்னு சொல்லும்!"

"சரி, ஆமா."

"நான் சொன்னதுக்காக ஆமாங்காதேயும்! உள்ளதைச் சொல்லும்!"

"உள்ளது என்னன்னு நீரே சொல்லிரும், நான் அப்படியே சொல்லிருதேன். என்னை விட்டுரும்வேய்!"

வேதசிரோமணி போட்ட சத்தத்தில் கட்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். என்ன வழக்கு என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளைக்கு ஏதோ குறையாம், அது சீனிச்சாமிக்குத் தெரிஞ்சிட்டான்னு மிரட்டிப் பாக்காரு என்றார் இன்னொருவர்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று கோயிலில் பெண்கள் பக்கம் ஒரே குசுகுசுப்பு. வலிப்பு என்றார்கள் சிலர். மதுரையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் என்றார்கள் சிலர். பரிபூரணம் வீட்டுக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, இது ராஜபாளையத்துக்குப் போச்சுன்னா கல்யாணம் நின்னுரும்லே!"

வேதசிரோமணிக்கு இன்பத்தின் "சரி, விசாரிங்க" காதில் கேட்டது. யோசித்து ஒரு வழி கண்டான். பெரிய குறை இருப்பதாகப் பேச்சு கிளம்பியிருக்கிறது. எல்லாருக்கும் உள்ள சில்லறைக் குறைகளை நாலு பேர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு தானே அடங்கிவிடும். மறுபடி ஒவ்வொருவரிடமும் போனான்.

"யாரு கேட்டாலும் என் குறையைத் தைரியமாச் சொல்லுங்க. நல்லவன்னு சொல்லிக் குடியைக் கெடுக்காதிய!"

மதகு திறந்த மாதிரி ஆயிற்று. அக்காள் சோறு போடும்போது சொன்னாள், கை கழுவும்போது சொன்னாள். சீனிச்சாமி கோர்ட்டில் கேட்காமலே சொன்னான். சாகுல் ஹமீது கடைக்கு வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். வேதசிரோமணி கண்ணாடியில் பார்த்தான். முகம் நன்றாகவே கோணியிருந்தது. குடும்பத்துக்கு லாயக்கில்லை.

மறுநாள் மூன்றாம் ஓலை என்றிருக்கும்போது, வாசலில் ஜட்கா வந்து நின்றது. கரியில் ஓடுகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ராஜபாளையத்திலிருந்து குதிரையை விரட்டிக்கொண்டு வந்திறங்கியவர் சத்தியநேசன், இன்பத்தின் தாய்மாமன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

உட்காருவதற்கு முன்பே கேட்டார். "மாப்பிள்ளை, இந்தக் கல்யாணத்தைப் பத்தி இங்க ஏதாச்சும் பேச்சு அடிபடுதா? குறை கிறைன்னு?"

போயிற்று. வேதசிரோமணி சமாதானம் சொல்ல வாயெடுத்தான். மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். பழக்கிவைத்தது வீண்போகுமா?

"அடிபடுதான்னா கேக்கிய அண்ணாச்சி? பிடிவாதம்னா அப்படிப் பிடிவாதம். செத்த நேரம் வாய் சும்மா இருக்காது" என்றாள் பரிபூரணம்.

ஜட்காவைக் கண்டு கடையை அப்படியே போட்டுவிட்டு வந்த சாகுல் ஹமீது, "கோபம் உண்டுங்க. என் தராசு பொழைச்சது அல்லா புண்ணியம்" என்றார்.

சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சீனிச்சாமியும் எழுந்து நின்றான். "கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுருவாருங்க. என்னை இப்பமே பாதி கொன்னுட்டாரு."

சத்தியநேசன் ஒவ்வொரு குறைக்கும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்துகொண்டே வந்தது. "அப்படியா? பொறவு? பொறவு?" என்றார். கல்யாணத்தை நிறுத்துவதில் மனிதருக்கு எம்புட்டு ஆனந்தம் என்று வேதசிரோமணி கொதித்தான்.

"போதும்!" என்று கத்தினான். கத்தியதில் கோபக் குறையும் நிரூபணமாயிற்று. "மாமா, வலிப்பும் இல்ல, மதுரைல குடும்பமும் இல்ல. எல்லாம் நானே இழுத்து விட்டுக்கிட்டது. சுபாவத்தை விசாரிச்சுச் சொல்லுதேன்னு உங்க வீட்டுப் பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்தேன். பத்திரிகையில போட்டிருந்தபடி வீடு வீடாப் போயி, என் குறை என்னன்னு கேட்டேன். அம்புட்டுதான். இதுக்காக நிறுத்துததுன்னா நிறுத்திருங்க."

சத்தியநேசன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அவனையே பார்த்தபடி திண்டாடி, "தாயி, குடிக்கத் தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

வாசலில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஜட்காக்காரன் வேல்சாமி தலையை உள்ளே நீட்டி, சத்தியநேசனைக் கேட்டான்.

"நம்ம ஊருச் சங்கதி இவியளுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்னா இந்த வாயில்லாச் சீவனை அம்புட்டு அடி அடிக்கச் சொன்னிய? எங்க ஊர் டீச்சரம்மாவும் ரெண்டு வாரமா 'எங்கிட்ட என்ன குறை'ன்னு வீடு வீடாத்தான போயிக் கேக்காவ. கேக்காம விட்டது என் குதிரையை மட்டுந்தான்!"