வீட்டை விட்டு நகர்ந்த நாற்காலி

ஒரே ஒரு மர நாற்காலியை வைத்துக்கொண்டு அரவேணு ஊர் முழுவதையும் குழப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் அவருக்குப் பெயரே ‘நாற்காலி’தான். தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடத்தின் மேல் என்ன கோபமோ, பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே பாடம். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஏழு.

முதலில் பிள்ளைகளின் மேஜையை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் நாற்காலி வாசற்படிக்கு வந்தது. மனைவியோடு சண்டை என்று நினைத்தேன். அடுத்த வாரம் அது என் வீட்டு கேட்டுக்கு முன்னால் கிடந்தது. நிலத்தகராறோ என்று பயந்து பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க, இதென்னங்க கூத்து?”

“அடுத்த மாசம் எனக்குப் பகல் ஷிப்டுங்க. புள்ளைங்க தனியாப் படிச்சுப் பழகோணுமில்லீங்க? சந்தேகம் வந்தா நாற்காலி வரைக்கும் நடந்து வந்து கேக்கோணும். பக்கத்துல இருந்தப்ப நாளைக்கு நாப்பது சந்தேகமுங்க. இங்க வந்ததும் பத்தாயிருச்சு. நடக்கச் சோம்பல்பட்டு அதுகளே யோசிச்சுக்குதுங்க!”

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அதற்குள் நாற்காலி தேயிலைக்குள் இறங்கிவிட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் புது சூப்பர்வைசர் என்று மிரண்டு, பேச்சை நிறுத்திவிட்டுப் பறித்தார்கள். அங்கே சந்தேகம் இரண்டு. கடைசியில் பஸ் ஸ்டாப். கோத்தகிரி பஸ் நின்றது. “நாற்காலிக்கு லக்கேஜ் போடோணுமுங்க” என்றார் கண்டக்டர்.

பகல் ஷிப்டுக்கு இரண்டே நாள் இருந்தபோது பார்த்தேன். நல்ல பனிமூட்டம். குடையும் கையுமாக வீட்டுப் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“காலைல இருந்து ஒரு சந்தேகமும் வரலைங்க.”

“அப்ப ஜெயிச்சுட்டீங்க!”

“ஆமாங்க” என்றார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயித்த மனிதர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு மறுபடியும் குழப்பம். மனசு கேட்காமல் பிள்ளைகளிடம் போனேன்.

“கண்ணு, தெரிஞ்சதையாவது அப்பாகிட்டப் போய்க் கேளேன்.”

பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “ஒரு வாரமாத் தெரிஞ்சதத்தான் மாமா கேட்டுட்டிருக்கறோம். இன்னைக்கு என்ன கேக்கறதுன்னுதான் ரெண்டு பேரும் யோசிச்சுட்டிருக்கறோம். அப்பா பாவம்.”

ஒரே குடைக்குள் நோட்டோடு இருவரும் போனார்கள். சற்று நேரத்தில் பனிக்குள்ளிருந்து மூன்று பேரும் வந்தார்கள். நாற்காலி அவர் தலைமேல். ஏழாம் வாய்ப்பாட்டை அவ்வளவு சந்தோஷமாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இன்றைக்கும் நான் போகிற பஸ் அந்த ஸ்டாப்பில் நின்றால், இறங்கிப் போய் அவரிடம் ஏதாவது ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.