பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர்

பெண்டாட்டி இல்லாமலும் தன்னால் இருக்க முடியும் என்று பிக்கப் வண்டி ஓட்டுகிற ஒருவர் முடிவெடுத்தார். சும்மா மனசுக்குள் எடுத்த முடிவில்லை. வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரர் காதிலும் விழுகிற மாதிரி எடுத்த முடிவு.

அவருக்கு ஹேண்ட்பிரேக் என்று பேர் வைத்திருந்தார்கள். வண்டியில் அவர் அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. வாயில்தான் போட்டிருப்பார். மனசுக்குள் இன்ஜின் உறுமும். வார்த்தை ஓரடி நகராது.

விஷயம் இதுதான். தனியாகக் குடியிருக்கிற பெண்டாட்டியின் அக்கா, அவருக்கு அண்ணி முறை, குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அக்காவைப் பார்த்துக்கொள்ளத் தங்கச்சி கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டியவள் உடனே படி இறங்கிவிடவில்லை.

"அப்ப நான் போயிட்டு வரட்டா?"

சீக்கிரம் வந்துடு என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துட்டு வா. எனக்கென்ன, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சரிங்க," என்றாள் அவள். படி இறங்கிப் போனாள்.

அன்றைக்கே வீடு பெரிசாகிவிட்டது. கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் வெறிச்சென்று கிடக்க வேண்டாமே என்று துவைத்த துணியை அங்கே குவித்தார். மடிக்காத துணிக்குத் திட்டு விழும், திட்டத்தான் ஆளில்லை. சீப்பில் அவள் முடி ஒன்று நீளமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட மனசு வராமல் விரலாலேயே தலையைக் கோதிக்கொண்டு வேலைக்குப் போனார். வண்டியைத் திருப்பும்போது, அவள் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டைப் பார்த்துப் பழக்கதோஷத்தில், "அந்தப் பக்கம் ஏதாச்சும் வருதா பாரு," என்பார். யாரும் பார்த்துச் சொல்லவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துச் சொன்னான்.

தினமும் போன் போடுவார். போட ஒரு காரணம் வேண்டுமே.

"சர்க்கரை டப்பா எங்க இருக்கு?"

"உங்க கையில."

குனிந்து பார்த்தார். கையில்தான் இருந்தது.

"எப்படித் தெரியும்?"

"மூடி கடகடங்குது, கேட்குது. வேற?"

"வேற ஒண்ணுமில்ல. வண்டி மேட்டுல திணறுது."

"மெக்கானிக்கைப் பாருங்க. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

போனை வைத்த பிறகு பார்த்தால், அந்த வேறதான் வீடு முழுக்க இருந்தது.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "டேங்க் பழசு, உள்ள பூரா துரு. அது டீசலோட சேர்ந்து நேரா பம்புக்குப் போகுதுண்ணே. பம்பு போச்சுன்னா வண்டியை விட்டுட்டு நடக்க வேண்டியதுதான். டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு ஃபில்டர் போட்டுடலாம். துரு அதோட நின்னுடும்."

குழாயை வெட்டி, நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பொருத்தி, இரண்டு பக்கமும் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போட்டு முறுக்கினான். இன்ஜின் பக்கத்தில் இருந்த கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினான். கிண்ணத்தில் குமிழி அடங்கி, டீசல் தெளிந்து நின்றது.

"இனிமே யானையை ஏத்தினாலும் மேட்டுல இழுக்கும். ஆனா ஒண்ணு. இது பம்பு உறிஞ்சுற பக்கம். கிளாம்ப் லூசானா டீசல் வெளிய சொட்டாது. காத்துதான் உள்ள போகும். கொஞ்ச தூரம் ஓடிட்டு வண்டி நின்னுடும். ஏன் நின்னுச்சுன்னு பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது."

ஹேண்ட்பிரேக் தலையாட்டினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, கிளாம்ப் விஷயத்தை மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் அவர் முகம் மலர்ந்தது.

வண்டி அண்ணி வீட்டு வாசலில் நிற்கும். காரணம் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எந்த மெக்கானிக்கும் வரமாட்டான். அங்கேயே தங்க வேண்டியதாகிவிடும். பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு அவர் போகவில்லையே. வண்டிதானே கொண்டுபோய் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அண்ணி வீட்டுத் தெருமுனைக்கு முன்னாலேயே இறங்கி, கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஏறினார். வண்டி அந்த வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்காத மாதிரி தாண்டிப் போய், தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அப்போதும் இன்ஜின் சிங்கம் மாதிரி ஓடியது. இன்னொரு சுற்று வந்தபோது பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். பிறகு ஒருவழியாக இருமி, குலுங்கி, பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றது.

"தெருவை அளந்து முடிச்சாச்சா?" என்றாள் அவள், ஈரக் கையைத் துடைத்தபடி.

ஒன்றரை மாசம் கழித்து நேரில் கேட்ட குரல். அவருக்குப் படித்து வைத்திருந்த வசனம் மறந்துபோனது.

"ஃபில்டர் போட்டேன். சும்மா ஓட்டிப் பார்க்கலாம்னு... நின்னுடுச்சு. இன்னைக்கு எவனும் வரமாட்டான். இங்கதான் தங்கணும் போல."

அவள் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

"குமிழி நிக்குதே. ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

"அது வீட்டுல இருக்கு."

"சட்டைப் பையில நீட்டிக்கிட்டு இருக்கிறது என்ன, பேனாவா?"

பார்க்கிறவனுக்குத் தெரியாது என்றுதான் மெக்கானிக் சொன்னான். பார்க்கிறவளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நடுவழியில் டீசல் தீர்ந்து நின்ற போதெல்லாம் கைப்பம்பு அடித்தவள் அவள்தான். கிளாம்பை முறுக்கினாள், பம்பை அமுக்கினாள், "சாவியைப் போடுங்க," என்றாள். முதல் சாவியிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. இவ்வளவு சீராக அது வாழ்நாளில் ஓடியதில்லை.

"கிளம்புங்க, வெளிச்சத்தோட வீடு போய்ச் சேர்ந்துடுவீங்க."

அவர் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வேற?" என்றாள் அவள்.

"வேற ஒண்ணும்..." சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். தெரு அமைதியானது. "நீ இல்லாம அந்த வீட்டுக்குள்ள போகவே கால் வரல. சாப்பிட்டா இறங்கல. படுத்தா தூக்கம் வரல. நான் சின்னப் பிள்ளைதான்னு வச்சுக்கோ. வந்துடும்மா."

அவள் ஜன்னலில் இருந்த அவர் கைமேல் டீசல் பிசுக்கோடு தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இதைச் சொல்ல இவ்வளவு தூரம் வரணுமாக்கும்," என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினாள். "அக்கா, சொல்லிட்டாரு. ஆளுங்களை வரச் சொல்லு."

"என்ன ஆளுங்க?"

"பீரோ தூக்க. அக்காவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு, முட்டிதான் இன்னும் மடங்கல. தனியா விட்டுட்டு எப்படி வர்றது? கொஞ்ச மாசம் நம்ம வீட்டுல இருக்கட்டும். போன வாரமே எல்லாம் கட்டி வச்சாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லியிருந்தா வண்டி வந்திருக்கும். நீங்க வந்திருக்க மாட்டீங்க." அவள் சிரித்தாள். "இந்தப் பாரத்தை மேட்டுல இழுக்கணும், பார்த்துச் செய்யுங்கன்னு மெக்கானிக்குக்குப் போன் போட்டதே நான்தான். கிளாம்ப் விஷயத்தை உங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லச் சொன்னதும் நான்தான். ஒரு தடவை சொன்னா உங்களுக்கு உறைக்காது."

பீரோ ஏறியது. கட்டில் ஏறியது. ஊன்றுகோலோடு அண்ணியும் ஏறினாள், முன் சீட்டில். மடங்காத காலை நீட்ட அந்த இடமே பத்தவில்லை. மனைவி பின்னால், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுருட்டிய பாய்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மேட்டில் வண்டி திணறவே இல்லை. பக்கக் கண்ணாடியை ஒரு பொட்டு திருப்பி வைத்தால் அதில் அவள் தெரிந்தாள். காற்றில் முடி பறக்க, ஒரு கையால் பீரோவைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அவளும் கண்ணாடியைப் பார்த்தாள். ஹேண்ட்பிரேக் லேசாகச் சிரித்தார்.

"தம்பி," என்றாள் அண்ணி, "ரோடு முன்னாடி இருக்கு."