மச்சானின் முப்பத்திரண்டு டோன்கள்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். நீ இங்கே விட்டுப்போன உன் பழைய இசைக் கீபோர்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாததால்தான் உன் போனை எடுக்காமல் கடிதம் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

உள்ளே நினைவகத்தைக் காக்கிற பேட்டரி சாகப்போகிறது, அதற்குள் நீ இருபது வருஷமாகச் சத்தம் சத்தமாகச் செதுக்கிய முப்பத்திரண்டு டோன்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும் என்றாய். சரி. "அக்கா பாத்துப்பா மாமா, நீங்க மட்டும் தொடாதீங்க" என்றாயே, அதுதான் சுருக்கென்றது. முப்பத்தோரு வருஷம் ஆவண அறை சூப்பரின்டென்டென்டாக இருந்தவனுக்கு ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே அனுப்பத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை உன் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

கேபிளின் ஒரு முனையில் 'இன்', இன்னொரு முனையில் 'அவுட்'. கீபோர்டின் முதுகிலும் அதே மாதிரி இரண்டு துளைகள். உள்வரும் தபால் உள்வரும் பெட்டிக்குத்தானே போகும்? இன்னை இன்னில் சொருகி அரைமணி நேரம் காத்திருந்தேன், ஒன்றும் அசையவில்லை. மாற்றிச் சொருகினேன். கம்ப்யூட்டரில் 'அனுப்பு', 'பெறு' என்று இரண்டு பொத்தான்கள். அனுப்ப வேண்டியது கீபோர்டுதானே என்று 'அனுப்பு'வை அமுக்கினேன். உடனே கீபோர்டின் சின்னத் திரையில் 'நினைவகம் பாதுகாக்கப்பட்டுள்ளது' என்று ஒரு திமிர். யாரிடம்? பூட்டிய கோப்பைத் திறக்கக் கையெழுத்துப் போட்டவனே நான்தானே! பாதுகாப்பை நீக்கிவிட்டு மறுபடி அமுக்கினேன். ஜோராக மூன்றே வினாடியில் முடிந்தது. ஒரு டோனைத் தொட்டேன், 'கீய்ங்' என்றது. அடுத்ததும் 'கீய்ங்'. முப்பத்திரண்டும் 'கீய்ங்'. கம்ப்யூட்டரில் கிடந்த வெற்றுத் தாளை எடுத்து உன் இருபது வருஷத்தின் மேல் ஒட்டிவிட்டேன், மச்சான்.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தேன், அதே 'கீய்ங்'. பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு வரும் சனிக்கிழமை நீ உன் குழுவோடு மேடை ஏறுகிறாய், முதல் பாட்டே உன் புல்லாங்குழல் டோனில்தான் ஆரம்பம் என்பது தெரியாதவனா நான்? உன் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். "ஐயையோ" என்று வாயில் கைவைத்தாள், ஆனால் திட்டவில்லை. "கெடுத்தது நீங்க, நீங்களே சரி பண்ணுங்க" என்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து உன் டோன்களை மறுபடி உண்டாக்கப் பொத்தானும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்; இடையிடையே உன் அக்காவைச் சமாதானப்படுத்த வீட்டு ஜன்னல்களைத் துடைக்கிறேன். புல்லாங்குழலைத் தேடினால் கொசு வருகிறது. வயலின் கேட்டால் பல் டாக்டரின் மெஷின் வருகிறது. ஆனால் நேற்று மதியம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சத்தம் வந்தது பார்! கனமான மரக்கதவு மெல்லத் திறக்கிற மாதிரி ஆரம்பித்து, யாரோ பக்கத்து அறையில் வாய்மூடிப் பாடுகிற மாதிரி முடிந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த உன் அக்காவே, "ஏங்க, இது நல்லாருக்கே, இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். இத்தனை வயதில் நான் உண்டாக்கிய முதல் சத்தம், குறட்டையைத் தவிர. பெயர் வைக்கத் திரையில் பத்து ஆங்கில எழுத்துக்குத்தான் இடம்; என் பதவி 'சூப்பரின்டென்' என்று பாதியில் நின்றுவிட்டது. பரவாயில்லை.

உன் சொத்தை அழித்த கைக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான். இதை வைத்தாவது சனிக்கிழமையைச் சமாளி. காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கிறேன். உன் விரல்களுக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் மாமா

பின்குறிப்பு: மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் இத்தால் ரத்து செய்கிறேன். உறையை ஒட்டப் பசை தேடி வருவதற்குள் உன் அக்கா உன் டோன்கள் எல்லாவற்றையும் கீபோர்டில் திரும்ப ஏற்றிவிட்டாள். திங்கட்கிழமையே காப்பி எடுத்து வைத்திருந்தாளாம். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்கிறாள். குற்ற உணர்ச்சியில் நான் ஏழு ஜன்னலையும் துடைத்து முடிக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாளாம். உன் முப்பத்திரண்டும் ஏறியதில் என்னுடைய ஒன்று அழிந்துபோயிற்று. அப்போதிருந்து பொத்தான்களை அமுக்குகிறேன், மச்சான், அது வரவே மாட்டேன் என்கிறது. சனிக்கிழமை முன்வரிசையில் இருப்பேன். உன் புல்லாங்குழலுக்கு மட்டும் கைதட்ட மாட்டேன்.