ஒப்பந்த முத்திரையும் ஓர் எலுமிச்சம்பழமும்

மணிக்கணக்கில் பேசத் தெரிந்த விஷயம் ஒருநாள் நேரில் வந்து எதிரே நின்றால், நமக்கு அடையாளம் தெரியாது. அனுபவத்தில் சொல்கிறேன். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் எனக்குத் தெரியாத பிரிவே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்த காலத்தில், அந்த ஒப்பந்தத்தின் பேரில் வைத்த முத்திரையைப் பிளையரால் வெட்டிக் குப்பையில் போட்டவள் நான். (அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை.)

அப்போது இயற்பியல் பட்டம் வாங்கிய சூடு ஆறவில்லை. வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். முதல் வேலை கிள்ளானில், குணசேகரன் என்பவர் நடத்திய சின்னக் கம்பெனியில். கப்பல்களிலும் எண்ணெய்க் குழாய்களிலும் வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கதிர்வீச்சால் படம் பிடித்துச் சொல்வார்கள். எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பதுபோல் இரும்புக்கு. கதிர்வீச்சு வெளியே கசியாமலிருக்கக் கனமான கவசப் பெட்டிகள் உண்டு. அவற்றின் உள்ளே யுரேனியம். குண்டுக்கு உதவாத, வீரியம் போன யுரேனியம்தான். ஆனாலும் அந்தப் பெயர் இருக்கிறதே, அதற்கென்று ஒரு மரியாதை.

“கார் ஓட்டுவியாமா?” என்றுதான் நேர்காணலில் குணசேகரன் கேட்டார். நான் ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பித்தேன். அணுசக்தியை மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் பயன்படுத்த நாடுகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளலாம். பதிலுக்கு, ஆயுதம் செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, வேண்டுமானால் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட வேண்டும். அப்படி எண்ணுவதற்கு வியன்னாவில் இருக்கும் உலக அணுசக்தி அமைப்பிலிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள். மனிதர் தே தாரேக் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு நமக்கு எங்க கெடைக்கும்லா?” என்று, அந்த ஆய்வாளர்களைக் கவனிக்கும் பொறுப்பை அப்படியே என் தலையில் கட்டிவிட்டார். (எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.)

கிடங்கின் பின்பக்கம் ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. உபயோகத்தில் இல்லாத பழைய கவசப் பெட்டிகள் அதற்குள். சாவியை என்னிடம் கொடுக்கும்போது பாஸ் சொன்னார்: “கூண்டுல வியன்னாக்காரங்க சீல் வெச்சிருக்காங்க. அது பத்திரம்மா. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா லைசன்ஸ் போச்சு. கம்பெனிய மூடிட்டு நான் பாசார்ல தேங்கா விக்கப் போகணும்.”

தெரியும் என்று தலையாட்டினேன். சீல் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தையே கரைத்துக் குடித்தவள் அதைப்போய்க் கேட்பாளா? உலக நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட சமாசாரம், சிவப்பு அரக்கில் பூமி உருண்டை படத்தோடு பளபளவென்று இருக்கும், அநேகமாகக் கூண்டுக்கு உள்ளே எங்கேயோ இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பாஸுக்குத் தீபாவளிகூட இரண்டாம்பட்சம்தான். லோரி முதல் ஸ்டேப்ளர் வரைக்கும் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சூட்டியாக வேண்டும். “கல்பனா, பின்னாடி உள்ளதெல்லாம் நீ பாத்துக்க. ஒரு சாமான் விடக்கூடாது, ஆமா!” என்றார். ஒரு சாமான்கூட விடக்கூடாது என்று சொன்னது அவர்தான். இதை நான் இன்றைக்கும் அவரிடம் எடுத்துச் சொல்வதுண்டு.

பிரிக்ஃபீல்ட்ஸில் மல்லிகைச் சரமும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். கூண்டுக் கதவில், பூட்டுக்குப் பக்கத்தில், மின்சார மீட்டரில் தொங்குமே, அந்த மாதிரி ஒரு தகர வில்லை முறுக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவானோ பார்சல் கட்டிய கம்பியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். சரம் கட்டப் போனால் விரலைக் குத்துகிறது. சனியனே என்று பிளையரை எடுத்து ஒரே வெட்டு. அந்த இடத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி, நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டேன். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டையாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன். வழவழப்பான இடமாகப் பார்த்து வைத்தேன். அங்கேதான் எண்கள் பொறித்திருந்தன என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

முன்னறையில் சரஸ்வதி படத்தை வைக்க உயரம் போதவில்லை. அதற்கும் கையோடு ஒரு வழி செய்தேன். பூஜை அமோகமாக நடந்தது. குப்பை லோரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. “படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்!” என்று பாஸ் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் வியன்னாவிலிருந்து ஆய்வாளர் வந்துவிட்டார். அதிகம் பேசாத, உயரமான ஓர் அம்மையார். கூடவே நம் அரசாங்கத்து அதிகாரி என்சிக் ஹலிம். (என்சிக் என்றால் திருவாளர்.) நான் பட்டுச்சேலையில் போயிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வரவேற்புரை வேறு. அம்மையார் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கூண்டுக்கு நடந்தார். கதவருகே நின்றார். குனிந்தார். காய்ந்துபோன மல்லிகையையும் சுருங்கிப்போன எலுமிச்சம்பழத்தையும் வெகுநேரம் பார்த்தார்.

“சிக், சீல் மானா?” என்று என்சிக் ஹலிம் என்னிடம் கேட்டார். சீல் எங்கே, மிஸ், என்கிறார்.

“உள்ளே இருக்கும்,” என்றேன், தைரியமாக.

அம்மையார் தன் பையிலிருந்து புதிதாக ஒரு சீல் எடுத்துக் காட்டினார். தகர வில்லை. முறுக்குக் கம்பி. பிளையரால் நான் வெட்டியெறிந்ததேதான்.

“இது எதற்கு?” என்று எலுமிச்சம்பழத்தைக் காட்டிக் கேட்டார் அம்மையார்.

“பாதுகாப்புக்கு, மேடம்,” என்றார் பாஸ், ஈனக்குரலில்.

“எங்களுடையதும் அதற்குத்தான்.”

என்சிக் ஹலிம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

சீல் போய்விட்டால் உள்ளே இருப்பதை நம்பக்கூடாது. எல்லாவற்றையும் மறுபடி எண்ணி, எடை போட்டு, கருவி வைத்து அளக்க வேண்டும். அதுதான் விதி. (இந்தப் பிரிவும் எனக்கு மனப்பாடம்.) ஒவ்வொரு பெட்டியாக வெளியே வந்தது. அம்மையார் ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்துத் துடைத்து எண்ணைப் படித்தார். அவர் விரலெல்லாம் சிவப்பு. கடைசியில் நிமிர்ந்தார்.

“ஒன்று குறைகிறது.”

என்சிக் ஹலிமின் தோள் இப்போது குலுங்கவில்லை. சீல் உடைந்தது முட்டாள்தனம் என்று எழுதலாம்; யுரேனியம் காணவில்லை என்றால் அதை எப்படி எழுதுவது? லைசன்ஸ் போவது இருக்கட்டும், நாட்டின் பேரே கெட்டுப்போகும். “ஐயோ முருகா, தேங்காகூட விக்க விடமாட்டாங்களே!” என்று பாஸ் முனகினார்.

அப்போதுதான் எனக்குச் சரஸ்வதி ஞாபகம் வந்தாள்.

“என் பின்னாடி வாங்க,” என்று முன்னறைக்கு ஓடினேன். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், பட்டுத்துணி போர்த்திய பீடத்தின் மேல், அம்பாள் வீணையோடு கொலுவிருந்தாள். துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன். அடியில் காணாமல்போன கவசப் பெட்டி. இருப்பதிலேயே சின்னது என்று தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான்தான். மறுநாள் எல்லாரும் அவரவர் கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் என்னுடையதை மறந்துபோனேன்.

அம்மையார் கை நீட்டினார். “இருங்க மேடம், இருங்க! சூடம் காட்டாம சாமிய நகத்தக்கூடாது!” என்று பாஸ் குறுக்கே விழுந்தார். கம்பெனியே போகிற நேரத்திலும் மனிதருக்கு அதுதான் கவலை! சூடம் ஏற்றினார். அம்மையார் தானாகவே காலணியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். சாமி நகர்ந்த பிறகு குங்குமத்தைத் துடைத்து எண்ணைப் படித்தார். “கணக்கு சரி,” என்றார். பாஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றபடியே அழுதேன், பட்டுச்சேலை முந்தானையில்.

லைசன்ஸ் தப்பியது. கடுமையான எச்சரிக்கையோடு விட்டார்கள். நடந்ததை எழுதிக்கொண்டிருந்த அம்மையார் பாதியில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை அறிக்கையில் எப்படி விளக்குவது என்று என்சிக் ஹலிமைக் கேட்டார். அவர், “உள்ளூர் வழக்கம் என்று போட்டுவிடுங்கள்,” என்றார். அம்மையார் அப்படித்தான் எழுதினார்.

வேலையிலிருந்து தூக்கிவிடுவார் என்று மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். பாஸ் வந்து, “எங்க கெளம்பிட்ட? புதுசா ஒருத்திய வெச்சா அவளுக்கு இந்தப் பயம் இருக்காதே,” என்றார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆயுத பூஜையன்று மட்டும் கூண்டுப் பக்கம் என்னை விடமாட்டார்கள்.

வெளியில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆனால் என் கல்யாணத்தில், மேடையேறி வாழ்த்திய பாஸ் மைக்கைப் பிடித்து முழுக்கதையையும் சொல்லிவிட்டார், சரஸ்வதி உட்பட. மண்டபமே சிரித்து உருண்டது. அன்றிலிருந்து என் வீட்டில் நான் எதையும் நிம்மதியாக வெட்டியதில்லை. மீ நூடுல்ஸ் பாக்கெட்டானாலும் சரி, பிறந்தநாள் பரிசானாலும் சரி, நான் கத்தரிக்கோலை எடுத்ததும் என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

“அம்மா, வியன்னாவுக்குச் சொல்லியாச்சா?”

நான் அதற்குச் சிரிப்பதில்லை. பாக்கெட்டை ஒருமுறை நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன்.