வளைவில் போன மாடு

“ஹோன் அடிச்சீங்களா?”

“அடிச்சேன் டீச்சர்.”

“அப்புறம் ஏன் மாடு ஒதுங்கல?”

அழகன் தலையைச் சொறிந்தான். சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்த மற்ற டிரைவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

“அது வேற யோசனையில போய்க்கிட்டிருந்திச்சுங்க.”

இசபெல் டீச்சர் பெருமூச்சு விட்டாள். போன செவ்வாய்க்கிழமை மழையில், அழகன் ஓட்டிய தேயிலைக் கொழுந்து லொறி பள்ளிக்கூட வளைவில் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. தோட்டத்தை நடத்தும் துரை உத்தரவு போட்டுவிட்டார். இளம் டிரைவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ரோட்டு விதி வகுப்பு நடக்க வேண்டும். முடிவில், யார் மேல் தப்பு என்று டீச்சர் எழுதி அனுப்ப வேண்டும். தப்பு செய்தவர் யாராயிருந்தாலும் நாளைக்குத் தோட்டத்தில் இருக்கக் கூடாது.

பொகவந்தலாவை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறவள் இசபெல். ரோட்டு விதி தெரியுமா என்று துரை கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு வந்து நாலு மாசம்தான். விதிப் புத்தகத்தைக் காலையில் நடந்து வரும் வழியிலேயே படித்து முடித்திருந்தாள்.

‘நிறுத்து’ என்பதற்கு இப்படி, என்று இடது கையை விறைப்பாக நீட்டிக் காட்டினாள்.

“அந்தப் பக்கம் கிளீனர் இருப்பாங்க டீச்சர்,” என்றான் சின்னராசா. “மூஞ்சியில குத்திரும்.”

கையை மாற்றினாள். கரும்பலகையில் இடித்துக்கொண்டாள்.

அழகனின் சம்பளத்தை நம்பி அம்மாவும் மூன்று தம்பிகளும் இருந்தார்கள். எப்படியாவது அவனைக் காப்பாற்றிவிட வேண்டும்.

“யார் வீட்டு மாடு?”

“நம்ம தோட்டத்து மாடு இல்லீங்க. வெளியூரு.”

“மத்தபடி நல்ல மாடுங்க,” என்றான் கந்தப்பன் அவசரமாக. சின்னராசா அவன் காலை மிதித்தான்.

இப்படிக் கேட்டால் ஆகாது, நடித்தே பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தாள் டீச்சர். தரையில் சோக்கினால் வளைவு வரைந்தாள், பக்கத்தில் கானும் வரைந்தாள். வாங்குதான் லொறி, சிலேட்டுதான் ஸ்டியரிங்.

“கந்தப்பன், நீங்க மாடு.”

“ஐயோ டீச்சர், நான் மாடா நடிச்சேன்னா லயத்துல பொண்ணு குடுக்க மாட்டாங்க!”

யாரும் முன்வரவில்லை. சரி, மாட்டுக்கும் டீச்சரே என்றாகிவிட்டது. மாட்டின் அகலம் தெரியட்டும் என்று குடையை விரித்துக்கொண்டாள். மாடு எந்த விதியை மீறியது என்று பார்க்கப் புத்தகத்தை மறுகையில் பிடித்தாள். படித்துக்கொண்டே சோக்கு ரோட்டின் நடுவில் நடந்தாள்.

“டீச்சர், வேணாம் டீச்சர்...” என்றான் அழகன், பரிதாபமாக.

“பேசாம லொறிய ஓட்டுங்க!”

“பீங்... பீங்... பீங்!”

டீச்சர் பக்கத்தைத் திருப்பினாள். மாடுகளைப் பற்றிய பதினேழாம் விதி எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது. பின்னால் தடாலென்று சத்தம் கேட்டபோதுதான் நிமிர்ந்தாள். அழகன் வாங்கோடு கானுக்குள் கிடந்தான்.

“பாத்தீங்களா! நீங்க என்னதான் செய்வீங்க? மாடு காது கேக்காம போகுதே!”

விதி கிடைத்த மாதிரியே அவளுக்கு உற்சாகம். உட்கார்ந்து எழுதினாள்: ‘சாரதி மேல் எந்தத் தப்பும் இல்லை. முழுத் தப்பும், நடு ரோட்டில் போன அந்த அறிவுகெட்ட மாட்டின் மேல்தான்.’ கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு ஒட்டினாள்.

கடிதத்துக்காக வந்த தபால்கார மாயாண்டி வாசலில் வாயைப் பிளந்தபடி நின்றார். உறையை வாங்கிப் பையில் போட்டார். அழகன் தரையில் கிடந்தபடியே, படித்த பாடம் மறக்காமல், அவருக்கு ‘நிறுத்து’ என்று கையை நீட்டினான். மாயாண்டி வகுப்புக்கு வராதவர்.

“அச்சு அசலா அதேதானுங்க டீச்சர்!” என்றார். “செவ்வாக்கெழம நான் மேல மலையிலிருந்து பாத்தேன். இதே குடை, இதே மாதிரி புத்தகம், நடு ரோடு, பின்னால லொறி கத்து கத்துன்னு கத்துது... என்ன, அன்னிக்கு நீங்க மாடா நடிக்கல, திரும்பிக்கூடப் பாக்காம சும்மாதான் போனீங்க.”