கேதத்தக்கா படிச்ச நாவலும் எங்க ஹாஸ்டல் தண்ணி டேங்கும்

கதை புக்கு படிச்ச குத்தத்துக்காக ஒரு ஹாஸ்டல்லேருந்து வெரட்டப்பட இருந்த ஒரே ஆளு, புதுக்கோட்டை மாவட்டத்துல மட்டும் இல்ல, இந்த உலகத்துலயே எங்க கேதத்தக்காதான். வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க, நான் எழுதுறதையே விட்டுர்றேன்.

கேதம்னா சாவு. சாவு வீட்டுக்குப் போறத எங்க பக்கம் கேதத்துக்குப் போறதுன்னு சொல்லுவோம். அக்காவுக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சுங்கிறதுதான் மேட்டரே.

எம்.எஸ்சி. முடிச்சுட்டு, படிச்சதுக்கு சம்பந்தமே இல்லாம, புதுக்கோட்டைல ஒரு டூ வீலர் ஷோரூம்ல வேலைக்குச் சேந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி லேடீஸ் ஹாஸ்டல். மூணு மாடிக்கும் சேத்து மொட்டை மாடில ஒரே டேங்கு. எதுத்த ரூம்ல அக்கா. அன்னவாசலத் தாண்டி உள்ள ஒரு ஊரு. ஸ்கேன் சென்டர்ல ரிப்போர்ட் டைப் பண்ற வேலை. அமைதியான ஆளு. அப்படித்தான் நெனச்சேன்.

"படிக்க ஏதாச்சும் வச்சிருக்கியாடி?"ன்னு கேட்டாங்க. புதுசா வந்த ஒரு த்ரில்லரக் குடுத்தேன். இப்ப வர்ற த்ரில்லருக்கெல்லாம் ஒரே அட்டைதான். பாதி மூஞ்சி, ஒரு கத்தி, பேக்ரவுண்ட்ல மழை.

ரெண்டு நாள் கழிச்சு காலைல கதவத் தொறந்தா வாசல்ல அக்கா நிக்கிறாங்க. தலையிலேருந்து தண்ணி சொட்டுது. புக்க கீழ வச்சாங்க. ஒரு வார்த்தை பேசல, திரும்பி நடந்துட்டாங்க.

"அக்கா, என்ன கோவம்? போயிட்டு வாரேன்னு கூட சொல்லாம போறீங்க?"

"கேத வீட்லேருந்து யாராச்சும் சொல்லிக்கிட்டுப் போவாங்களாடி?"

"யாருக்கா செத்தா?"

"புக்குல செத்துருக்குல்ல, அந்த நர்ஸ் பொண்ணு."

சீரியஸா சொல்றேன், நாவல்ல ஒருத்தர் செத்தா இவங்க தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறாங்க. அதுக்கப்புறம்தான் அடுத்த பக்கம்.

மெஸ்ல தோசைக்கு நிக்கிறப்ப விமர்சனம் வந்துச்சு.

"ஓட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசி வரைக்கும் கொலைகாரன் யாருன்னு மூச்சு விடல, கெட்டிக்காரன். ஆனா எழுதுனவன் ஒரு கேதத்துக்குக் கூட போனதில்ல."

"எப்புடிக்கா சொல்றீங்க?"

"இன்ஸ்பெக்டர் பொணத்தப் பொரட்டிப் பாக்குறான். நேரா போயி பரோட்டா திங்கிறான். குளிச்சானா? பெத்தவ அடுத்த நாளு பொட்டு வச்சுக்கிட்டு ஸ்டேஷன்ல வந்து ஃபோரன்சிக் ரிப்போர்ட் கேக்குறா. பக்கத்து வீட்ல ஒருத்தி ஒரு காப்பித்தண்ணி வச்சுக் குடுக்கல. என்ன ஊருடி அது?"

"அக்கா, அது த்ரில்லரு."

"த்ரில்லர்ல செத்தா சாவு இல்லையா?"

தட்ட நீட்டி தோசைய வாங்கிக்கிட்டேன்.

அடுத்து ஒரு சீரியல் கில்லர் நாவல் அக்கா கைக்கு வந்துச்சு. எவன் குடுத்தான்னு தெரியல, அவன் நல்லாருக்க மாட்டான். "எல்லாத்துக்கும் சேத்து கடைசில ஒருதடவ குளிங்களேன்"ன்னு கெஞ்சுனேன். "நாலு வீட்டு கேதத்துக்கு ஒரே குளியலா? நல்லாருக்குடி ஒன் நியாயம்"னாங்க. அந்தக் கொலைகாரன் அங்கிட்டு ஒருத்தனப் போட்டா இங்கிட்டு டேங்கு ஒரு படி எறங்குது. என் ரூம்மேட்டு பாண்டிமீனா தலை முழுக்க ஷாம்பு நொரையோட பாத்ரூம்லேருந்து வெளிய வந்து நின்னா. "எத்தனாவது கொலை போயிட்டு இருக்கு?"ன்னு கேட்டா. கோவம் கூட இல்ல, அந்த அளவுக்கு ஒடைஞ்சு போயிட்டா.

சரி, கொலை வேணாம்னு எமோஷனல் நாவலா குடுத்துப் பாத்தோம். ரீல்ஸ்ல எல்லாரும் படிச்சுட்டு மூக்க உறிஞ்சுவாங்கள்ல, அந்த டைப்பு. அதுதான் மோசம். முக்கால்வாசி கதையில பதினெட்டாவது அத்தியாயத்துல அம்மாவுக்கு கேன்சர்.

"நல்லாத்தான் இருந்துச்சு அந்தம்மா. ரசம் வச்சுக்கிட்டு நின்னுச்சு. நாம அழணும்னு ரைட்டரு கொன்னுபுட்டாரு"ன்னாங்க அக்கா, ஈரத்தலையத் தொவட்டிக்கிட்டே. "க்ரைம் கதையிலயாச்சும் கொன்னவனப் புடிக்கிறாங்க. இவரப் புடிக்க யாரு இருக்கா? அவார்டுல்ல குடுக்குறாங்க."

அப்பதான் கோடை வந்துச்சு. போர் வத்திப்போயி டேங்கர் தண்ணி. ஓனர் மேடம் கீழ்வீட்லதான் இருந்தாங்க. பூஜை, மடி, ஆச்சாரம் எல்லாம் ரொம்பப் பாப்பாங்க. மாடி ஏறி வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க.

"இன்னொரு வாட்டி கதைக்குன்னு குளிச்சீங்கன்னா, அன்னைக்கே ரூமக் காலி பண்ணிருங்க."

அக்கா மொகம் சுண்டிப்போச்சு. ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சா அவங்க ஊருக்கு பஸ் கெடையாது. மத்த ஹாஸ்டல்ல ஏழுக்கே கேட்டு பூட்டிருவாங்க. ரூம் போச்சுன்னா வேலையும் போச்சு. அக்கா படிக்கிறத நிறுத்திட்டாங்க. டீவில சீரியல் ஓடுனாக்கூட செவுத்தப் பாத்து ஒக்காந்துக்குவாங்க, யாராச்சும் செத்துத் தொலைச்சா என்ன பண்றதுன்னு. பாக்க சகிக்கல.

நானும் பாண்டிமீனாவும் சாவே இல்லாத புக்கு தேடுனோம். ஒண்ணு மாட்டுச்சு. அட்டைல காப்பி கப்பு, பூனை. கடைசிப் பக்கம் பாத்தோம், கல்யாண வீடு, எல்லாரும் சிரிக்கிறாங்க. போதும், சேஃப்னு அக்கா கையில குடுத்தோம். ரெண்டு டிகிரி ஹோல்டர்ஸ் சேந்து பண்ண ரிசர்ச்சு அது.

ஞாயித்துக்கெழம மத்தியானம். டேங்குல பொட்டுத் தண்ணி இல்ல. வெளிய வந்து பாத்தா அக்கா மாடிப்படில ஒக்காந்திருக்காங்க. கண்ணு ரெண்டும் செவந்திருக்கு.

"அக்கா, என்னாச்சு?"

"கிட்ட வராத. பாதி புக்குல ஒரு குடும்பமே போயிருச்சுடி. காதுகுத்துக்குப் போற வழில வேன் கவுந்துருச்சு."

காப்பி கப்ப நம்பி மோசம் போயிட்டோம். குளிக்காம ரூமுக்குள்ள போக மாட்டாங்க, பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. குளிச்சா ரூமு போயிரும். அங்கேயே ஒக்காந்துட்டாங்க. வராதன்னாலும் நானும் பாண்டிமீனாவும் பக்கத்துல போயி ஒக்காந்தோம்.

டேங்கர் வந்துச்சான்னு பாக்க மேடம் மேல வந்தாங்க. அக்காவப் பாத்து அப்படியே நின்னுட்டு என்கிட்ட கிசுகிசுத்தாங்க.

"என்னடி, கேதமா?"

"ஆமா மேடம்."

"யாரு?"

"ஒரு குடும்பமே மேடம். காதுகுத்துக்குப் போறப்ப வேன் கவுந்துருச்சு."

நான் பொய் சொல்லல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். ஆனா அடுத்து நடந்தத நாங்க எதிர்பாக்கல. மேடம் கொண்டைய அவுத்து விட்டுட்டு, படில ஒக்காந்து, அக்காவக் கட்டிப்புடிச்சு ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. "என்னப் பெத்த ஆத்தா, இப்புடி ஆகிப்போச்சே"ன்னு. அக்காவும் அழுவுறாங்க. "அந்தப் புள்ளைக்கு தோடு வாங்கி மஞ்சத்துணில முடிஞ்சு வச்சிருந்தாங்க மேடம்." மேடத்துக்கு இன்னும் பொங்கிருச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கத் தொடச்சுக்கிட்டு கேட்டாங்க. "ஒனக்கு என்ன மொறை வேணும் ஆத்தா அவங்க?"

"மொறை ஒண்ணும் இல்ல மேடம். இந்தா, இந்த புக்குல வாராங்க."

அம்புட்டுத்தான், பெட்டியத் தூக்கி ரோட்ல எறியப் போறாங்கன்னு பாண்டிமீனா என் கையப் புடிச்சா. மேடம் புக்கப் பாத்தாங்க. அக்காவப் பாத்தாங்க. அவுத்துவிட்ட தலைமயிரத் தொட்டுப் பாத்தாங்க. கோவப்படத்தான் வாயத் தொறந்தாங்க. வந்தது வேற.

"நான் இப்ப எப்புடி வீட்டுக்குள்ள போறது? சாமி வெளக்கு எரியுது."

"கட்டிப்புடிச்சு அழுதுட்டீங்களே மேடம். குளிச்சுத்தான் ஆகணும்"ன்னாங்க அக்கா, ரொம்ப வருத்தமா.

மேடம் போன எடுத்தாங்க. "ஏப்பா, லோடு ஒண்ணு போதாது, ரெண்டா கொண்டா. சீக்கிரம் வா, கேதம்."

போன வச்சுட்டு அதே படில ஒக்காந்தாங்க. "ஒருத்தராச்சும் பொழைச்சாங்களா?"

"இன்னும் படிக்கல மேடம். குளிச்சாத்தான் அடுத்த பக்கம்."

"சரி. இனிமே சாவு வர்ற மாதிரி இருந்தா காலைலயே சொல்லிரு. டேங்கருக்கு சொல்லணும்ல."

டேங்கர் வர்றதுக்குள்ள அக்காகிட்ட கேட்டுட்டேன். "கதைதானக்கா, எதுக்கு இம்புட்டு?"

"எழுதுனவரு அடுத்த கதைக்குப் போயிட்டாரு. படிச்சவங்க ஸ்டாரு போட்டுட்டுப் போயிட்டாங்க. செத்தவங்களுக்குன்னு ஒரு ஆளாச்சும் வேணும்லடி."

தண்ணி வந்துச்சு. அக்கா குளிச்சாங்க, மேடம் குளிச்சாங்க. அக்கா பக்கத்துல ஒக்காந்திருந்தோம்ல, நானும் பாண்டிமீனாவும் வாளியத் தூக்கிட்டு வரிசைல நின்னோம். செத்தவங்க பேரு கூட எனக்குத் தெரியாது. அக்காவுக்கு வேண்டப்பட்டவங்கன்னு மட்டும் தெரியும். தலையோட ஊத்திக்கிட்டேன்.