வாட்ச்மேன் தலை ஆடணும்

"ஆடலையேம்மா!" என்று ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார் டிங்டாங்.

முப்பது விநாடிப் பாட்டுகளைப் போட்டு ஊரையே முணுமுணுக்க வைத்த இசையமைப்பாளருக்கு அதுதான் பெயர். அவருடைய இசை ஞானமெல்லாம் ஒரே ஒரு சோதனையில் அடங்கிவிடும். பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்புவார். கீழே கேட்டருகே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனின் தலை ஆடினால் பாட்டு ஹிட். 'தலையணைக்குத் தலைவலி' பாட்டுக்கு அப்படித்தான் ஆடியது. குழந்தை குட்டியெல்லாம் பாடியது. வாட்ச்மேன் லீவில் போனபோது அவசரப்பட்டு வெளியிட்ட இரண்டு பாட்டும் மண்ணைக் கவ்வின. இதுவும் கவ்வினால் ஸ்டூடியோவைக் காலி செய்துவிட்டு மச்சான் கடையில் மிக்சி விற்கப் போக வேண்டியதுதான்.

"விட மாட்டேன். இன்னொரு டேக்!"

பாட வந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. "ஒத்தக் காலு சாக்ஸே, நீ எங்க போனே?" என்று காலையிலிருந்து பதினான்கு தடவை கேட்டுவிட்டாள், பாவம்.

டிங்டாங் வேகத்தைக் கூட்டினார். மூச்சு வாங்கி, சிறுமிக்கு விக்கல் வந்துவிட்டது. வாட்ச்மேன் அசையவில்லை.

நடுவில் வாத்துச் சத்தம் சேர்த்தார். விக்கலும் வாத்தும் முட்டிக்கொண்டன. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. வாட்ச்மேன் டிபன் பாக்ஸைத் திறந்தார், அவ்வளவுதான்.

"கத்திப் பாடு கண்ணு, கத்தி!"

கத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டது.

"சார், என் பொண்ணு குரல் தகரத்தை இழுத்த மாதிரி ஆயிடுச்சு. நாங்க கிளம்புறோம்" என்று அவள் அம்மா பையைத் தூக்கினாள்.

"ஒரே ஒரு தடவைம்மா! என் தலையெழுத்தே இதுலதான் இருக்கு."

தகரக் குரல், விக்கல், வாத்து மூன்றும் சேர்ந்து கேட்டை நோக்கிப் பாய்ந்தன. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த வாட்ச்மேனின் தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

"ஆடுது! ஆடுதுடி!"

சிறுமி எட்டிப் பார்த்தாள். "அங்கிள், அவரு தூங்குறாரு."

"உனக்கென்ன தெரியும்? கண்ணை மூடி ரசிக்கிறாரு!"

அடுத்த நிமிடமே பாட்டை உலகத்துக்கு அனுப்பினார். சந்தோஷம் தாங்காமல் வெளியே போய், ஒரு பெரிய கேக்கை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவந்தார். அதற்குள் டூட்டி மாறி, நாற்காலியில் ஒரு பெண் காவலாளி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இருந்தவர் எங்கம்மா? என் பாட்டையெல்லாம் முதல்ல கேட்டு ரசிக்கிறவரே அவருதான்!"

அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன சார்?" என்றாள். டிங்டாங் மறுபடியும் சொன்னார்.

"ரசிக்கிறாரா? அவருக்குக் காதே கேக்காது சார். முன்னாடி இருந்த நாலு பேரும் உங்க பாட்டு தாங்காம வேலையை விட்டுட்டு ஓடிட்டாங்க. அதான் தேடிப் புடிச்சு அவரைப் போட்டாங்க!"